மூன்றாவது அடுக்கு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆனி மாதத்துச் சனிக்கிழமை. இடம், குற்றாலம் ஐந்தருவி. தலையில் எண்ணெய் சொட்ட வரிசையில் நின்றபடி, செல்போனில் இரண்டே இரண்டு வார்த்தை தட்டி அனுப்பினேன். அந்த இரண்டு வார்த்தைகளால், நான் முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் வேலை போனது. வேலை போன அன்றே அந்த விஷயம் எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குக் காரணம் நான்தான் என்பது தெரிய அதற்கு மேலும் இரண்டு நாள் ஆனது.

முதலில் என் பிழைப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடந்தது எதுவும் புரியாது. நான் சர்க்யூட் போர்டு வரைகிறவன். உங்கள் செல்போனையோ டிவியையோ பிரித்தால் உள்ளே பச்சையாக ஒரு தகடு தெரியும், இல்லையா? அதற்குள் எந்தக் கம்பி எங்கே ஓட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் வேலை. வெளியே பார்த்தால் ஒரே தகடுதான். உள்ளேயோ நாலு, எட்டு, பன்னிரண்டு என்று செம்புப் படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் பிசின் வைத்து அழுத்தியிருக்கும். கல்யாணமான புதிதில் இதை என் மனைவிக்குப் பரோட்டாவை வைத்துத்தான் விளக்கினேன். அன்றிலிருந்து அவளுக்கு நான் 'பரோட்டா எஞ்சினியர்'. சொந்தக்காரர்களிடம்கூட அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறாள்.

இடம் நெருக்கடியான போர்டுகளில் வரைவதைவிட முக்கியமான வேலை, எந்த அடுக்குக்கு அடுத்து எது என்று முடிவு செய்வது. வேகமாக ஓடுகிற சிக்னல் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாற்போல 'கிரவுண்ட்' என்கிற முழுச் செம்புத் தகடு இருக்க வேண்டும். அது தள்ளிப் போனால் சிக்னல் கெட்டுப்போகும். இந்த வரிசையை ஒரு அட்டவணையாகப் போட்டுத் தனியாக ஒரு படமும் அனுப்புவோம். அதாவது கம்பிகள் வரைந்த ஃபைல் ஒன்று, அடுக்கு வரிசை சொல்லும் படம் ஒன்று. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

பெங்களூரில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொன்னதும் மூட்டை கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்துவிட்டேன். அந்தச் சமயத்தில் என் கையில் இருந்தது ஒரு மருத்துவக் கருவிக்கான போர்டு. கர்ப்பிணிகளுக்கு ஸ்கேன் பார்க்கிற சின்னக் கருவி, பையில் போட்டுக் கிராமங்களுக்கு எடுத்துப் போகிற மாதிரி. உள்ளங்கை அகலத்தில் எட்டு அடுக்கு. ஊசி போட இடமில்லாத நெருக்கடி. இரண்டாவது அடுக்கு கிரவுண்ட், மூன்றாவது சிக்னல், நான்காவது பவர் என்று வரிசை வைத்திருந்தேன். பவர் அடுக்குக்கு மட்டும் செம்பு கொஞ்சம் தடிமனாக இருக்க வேண்டும் என்றும் குறித்திருந்தேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃபைல்களையெல்லாம் அனுப்பிய மறுநாள்தான் அந்தச் சனிக்கிழமை. சாரல் நன்றாக விழுகிறது என்று ஊரே குற்றாலத்துக்குக் கிளம்பியிருந்தது. பெண்கள் பக்கம் போவதற்கு முன்னால் என் மனைவி துண்டையும் சீயக்காயையும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்போது போன் சிணுங்கியது. போர்டு செய்கிற கம்பெனியிலிருந்து ஒரு மெயில். இந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். எங்களுடைய ஃபைலில் ஏதாவது இடித்தால், தாங்களாக எதையும் செய்யாமல் 'குவெரி' என்று ஒரு கேள்வி அனுப்புவார்கள். நாங்கள் பதில் சொன்ன பிறகுதான் மேற்கொண்டு வேலை நடக்கும்.

பாலித்தீன் கவருக்குள் இருந்த போனை எண்ணெய்க் கையோடு தேய்த்தேன். 'மூன்றாவது, நான்காவது அடுக்குகளில் ஃபைலும் படமும் வேறுபடுகின்றன. எதைப் பின்பற்றுவது?' என்று கேட்டிருந்தது. கூடவே அந்த இடத்தைக் காட்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட்டும் இணைத்திருந்தார்கள். அதைத் திறக்கப் பார்த்தேன், குற்றாலத்துச் சிக்னலில் அது சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏங்க, அத வீட்டுல போயி பாக்கப்பிடாதா? இங்கன வந்தும் போனத் தேச்சிக்கிட்டு" என்றாள் மனைவி.

"ஒரு நிமிசம்டி. இது சும்மா பேருக்குக் கேக்குதாவ."

உண்மையில் அப்படித்தான் நினைத்தேன். இருபது வருடத்தில் இந்த மாதிரி ஆயிரம் கேள்வி பார்த்தாயிற்று. பாதிக்கு மேல் ஒன்றும் இருக்காது. 'ஃபாலோ டிராயிங்' என்று தட்டி அனுப்பினேன். அதாவது, படத்தில் உள்ளபடி செய்யுங்கள். எங்கள் தொழிலில் யார் எதைக் கேட்டாலும் வாய் தானாகச் சொல்லுகிற பதில் அது. அனுப்பிவிட்டு அருவிக்குள் தலையைக் கொடுத்தேன். வெளியே வரும்போது எனக்கு அந்த மெயில் ஞாபகமே இல்லை.

ஐந்து வாரம் கழித்து போர்டுகள் தயாராகி வந்தன. போர்டு கம்பெனியின் மின்சோதனையில் எல்லாம் தேறிவிட்டது. ஆனால் பெங்களூரில் கருவிக்குள் மாட்டிப் பத்து நிமிடம் ஓடவிட்டால், திரையில் படம் கோடு கோடாகக் கிழிந்தது. வந்த அத்தனை போர்டும் அப்படியே. ஆய்வகத்தில் ஒரு போர்டின் மூலையைச் சுரண்டிப் பார்த்து போட்டோ எடுத்து அனுப்பினார்கள். மூன்றாவது அடுக்கில் என்னுடைய சிக்னல் கம்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் பவர் தகடு உட்கார்ந்திருந்தது. மூன்றும் நான்கும் இடம் மாறியிருந்தன. மின்சோதனையில் இது தெரியாது. மேலிருந்து கீழ்வரை துளை போட்டு எல்லா அடுக்குகளையும் இணைத்துவிடுவதால், எந்த அடுக்கு எந்த உயரத்தில் இருந்தாலும் இணைப்பு என்னவோ சரியாகவே காட்டும்.

எனக்கு வந்ததே கோபம்! உடனே என் கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தேன். மூன்றாவது, சிக்னல். பளிச்சென்று இருந்தது. அன்று மதியம் எல்லாரும் சேர்ந்து பேசிய அழைப்பில் சாமியாடிவிட்டேன் என்றே சொல்லலாம். "என் ஃபைல்ல மூணாவது சிக்னல்னு தெளிவா இருக்கு. உங்காளு மாத்திப் போட்டிருக்காரு. கண்ண மூடிக்கிட்டா வேலை பார்க்கிறீங்க?" என்று கேட்டேன். போர்டு கம்பெனி மேனேஜர் மறுபேச்சுப் பேசவில்லை. எங்களைப் போன்ற வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற பயம் அவருக்கு. மன்னிப்புக் கேட்டார். அந்த வேலையைப் பார்த்தவரை அன்றே நிறுத்திவிட்டதாகவும், திங்கட்கிழமை விசாரித்து முடித்துவிடுவதாகவும் சொன்னார். எனக்கு அப்போது ஒரு திருப்தி வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. சாயங்காலம் காப்பி குடிக்கும்போது மனைவியிடம் பெருமையாகவே சொன்னேன்.

மறுநாள் காலையில் தெரியாத நம்பரிலிருந்து ஒரு அழைப்பு. பெண் குரல்.

"சார், நான் அந்த எட்டு லேயர் போர்டுக்கு கேம் பண்ணினவ சார்" என்றது. கேம் என்பது, நாங்கள் அனுப்பும் ஃபைல்களைச் சரிபார்த்து மிஷினுக்கு ஏற்ற மாதிரி தயார் செய்கிற வேலை. என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். படத்தின் மூலையில் இருக்கிறது என்றார். அது உண்மைதான், வரைந்தவர் பெயரும் நம்பரும் அங்கே போடுவது வழக்கம்.

"சார், நான் உங்களுக்குக் குவெரி அனுப்புனேன். நீங்க பதில் போட்டிருந்தீங்க. என்னோட லாகினை நேத்தே க்ளோஸ் பண்ணிட்டாங்க. என்னால அந்த மெயிலை எடுக்க முடியலை. நீங்க எனக்கு மட்டும்தான் பதில் போட்டீங்க, வேற யாருக்கும் காப்பி போகலை. ஒரு தடவை தேடிப் பார்க்கிறீங்களா?"

நான் ஒன்றும் தேடவில்லை. எடுத்த எடுப்பில் எகிறினேன். இத்தனை வருஷம் பெங்களூரில் இருந்து பழகிய பேச்செல்லாம் கோபம் வந்தால் எனக்குக் கழன்று விழுந்துவிடும்.

"என்னம்மா பேசுதிய? தப்பையும் செஞ்சுபோட்டு என் தலையிலயா கட்டப் பாக்கிய? இருவது வருசமா இதத்தாம் செஞ்சிக்கிட்டு கெடக்கேன்!"

அவர் என்னைப் பேசி முடிக்கவிட்டார். பிறகு கேட்டார்: "சார், நீங்க எந்த ஊரு?"

"தென்காசி. ஏன்?"

"நானும் இங்கனதான் சார். அச்சன்புதூரு. வீட்டுல இருந்துதான் வேலை பாக்கேன்" என்றார். குரல் சட்டென்று வேறு மாதிரி ஆகிவிட்டது, பக்கத்து வீட்டிலிருந்து பேசுகிற மாதிரி. "சார், கோவப்படாதிய. நீங்க அனுப்புன லேயர் படத்த மட்டும் ஒருவாட்டி தொறந்து பாத்திருங்க."

சரி சரி என்று வைத்துவிட்டேன். பிறகு மனது கேட்காமல் தேடவும் செய்தேன். ஆனால் எப்படித் தேடினேன் என்பதைக் கேளுங்கள். மெயிலில் அந்தக் கருவியின் பெயரைப் போட்டுத் தேடினேன். ஒன்றும் வரவில்லை. போர்டு கம்பெனிக்காரர்கள் கருவியின் பெயரை எழுத மாட்டார்கள், அவர்களுடைய வேலை எண்ணைத்தான் எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை. அவர் திறந்து பார்க்கச் சொன்னது படத்தை. நான் மறுபடியும் திறந்து பார்த்தது ஃபைலை. மூன்றாவது, சிக்னல். முன்னைவிட நிம்மதியாக மூடி வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் அவரே வந்துவிட்டார். முன்கூட்டி போன் செய்து, "அஞ்சு நிமிசம் போதும் சார்" என்று கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஸ்கூட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, தலையில் போட்டிருந்த துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உள்ளே வந்தார். அழவில்லை, கெஞ்சவில்லை. என் மனைவி கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டிய. போர்டு சொன்னா நம்புவியள்லா? ஒண்ணு கையில இருந்தா குறுக்க வெட்டிப் பாத்திருவோம்."

எதற்கு என்று கேட்டேன். அவர் விளக்கினார். தெரியாமல் மாற்றிப் போட்டிருந்தால், கம்பிகள் வரைந்த பிலிம் மட்டும்தான் இடம் மாறியிருக்கும். செம்பின் தடிமன் பழைய இடத்திலேயே, அதாவது நான்காவதிலேயே இருக்கும். தடித்த செம்பும் சேர்ந்து மூன்றாவதுக்கு வந்திருந்தால், அது கைதவறி நடந்ததாக இருக்க முடியாது. யாரோ எழுதிக் கொடுத்ததைப் பார்த்துச் செய்தது. அந்த யாரோ யார் என்று அவர் சொல்லவில்லை.

பேச்சில் பிசிறு இல்லை. தொழில் தெரிந்த ஆள் என்று எனக்குள் ஒரு மூலையில் பட்டுவிட்டது. ஆனாலும் வீம்பு போகவில்லை. வெட்டித்தான் பார்ப்போமே, வாயை மூடிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன். பெங்களூரிலிருந்து எனக்கு அனுப்பியிருந்த இரண்டு போர்டுகளில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆய்வகமாக இருந்தால் இதற்கென்று மிஷின் இருக்கும். தென்காசியில் எங்கே போவது? எங்கள் தெருமுனையில் ஒரு நகைப் பட்டறை இருக்கிறது. மெல்லிய ரம்பம், உப்புத்தாள், கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ் எல்லாம் அங்கே உண்டு. பட்டறைக்காரரும் என் வயதுதான், ஆனால் தெருவில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பதால் நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"வாங்க எஞ்சினியரே. என்ன இது, பச்சத் தகடு கொண்டாந்திருக்கிய? இதுல தோடு செய்யணுமாக்கும்?" என்று சிரித்தார்.

விஷயத்தைச் சொன்னோம், யார் மேல் குற்றம் என்கிற கதையை மட்டும் விட்டுவிட்டு. அவர் போர்டைப் பட்டறைப் பலகையில் அண்டக்கொடுத்து நறுக்கென்று குறுக்கே அறுத்தார். அறுத்த விளிம்பை உப்புத்தாளில் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தார். நாலைந்து தாள் மாற்றினார், ஒவ்வொன்றும் முந்தினதைவிட நைசு. அரை மணி நேரம் ஆகியிருக்கும். அந்தப் பெண் இரண்டு தடவை மணி பார்த்தார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போய்க் கூப்பிட வேண்டும் என்றார்.

அண்ணாச்சி விளிம்பைத் துணியில் துடைத்து, லென்ஸைக் கண்ணில் இடுக்கி வெளிச்சத்தில் காட்டினார்.

"ஏயப்பா, உள்ளுக்குள்ள இம்புட்டுக் கோடா! ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ணினார். "எட்டு இருக்கு. எல்லாம் முடி கணக்கா இருக்கு. மூணாவது மட்டும் நல்லாத் தடியா கெடக்கு."

"நாலாவதா பாருங்க அண்ணாச்சி" என்றேன்.

"எனக்கு எண்ணத் தெரியாதா? மூணாவதுதாம். நீரே பாரும்."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். மூன்றாவதுதான். அந்தப் பெண் பார்க்கக் கேட்கவில்லை. என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் போனை எடுத்து, போர்டு கம்பெனிக்கு அனுப்பிய படத்தை, அனுப்பிய பிறகு முதல் முறையாகத் திறந்தேன். அட்டவணையின் மூன்றாவது வரியில் 'பவர், தடித்த செம்பு' என்று இருந்தது. நான்காவது வரியில் 'சிக்னல்'.

எப்படி நடந்தது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அடுக்குப் படத்தை யாரும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவதில்லை. முந்தைய போர்டின் படத்தை எடுத்து, அங்கங்கே திருத்தி, தேதியை மாற்றி அனுப்புவோம். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற காரியம்தான் இது. நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். பழைய போர்டில் மூன்றாவது பவர். தேதியை மாற்றியிருக்கிறேன், பெயரை மாற்றியிருக்கிறேன், அந்த இரண்டு வரியை மாற்றவில்லை. இந்தப் பெண் அதைக் கண்டுபிடித்து எனக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்.

"அந்த வேலை நம்பர் ஞாபகம் இருக்காம்மா?" என்று கேட்டேன். சொன்னார். மெயிலில் அந்த நம்பரைப் போட்டதும் முதல் ஆளாக வந்து நின்றது. அவருடைய கேள்வி. கீழே என் பதில், இரண்டு வார்த்தை. அனுப்பிய தேதி அந்தக் குற்றாலத்துச் சனிக்கிழமை. பட்டறை வாசலில் நின்ற எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம் என்றால் அப்படி ஒரு அவமானம். பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று சொல்லுவார்களே, அதைத்தான் அன்று நினைத்தேன்.

அவர் அந்த மெயிலைப் பார்த்தார். "இது போதும் சார். இத நீங்க அனுப்புனாப் போதும்" என்றார்.

"அனுப்பலைன்னா?" என்று ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. வாய் தவறி வந்துவிட்டது. அல்லது அதுதான் உண்மையில் மனதில் ஓடியது.

அவர் ஸ்கூட்டிச் சாவியைக் கையில் எடுத்தார். "அனுப்பலைன்னா நான் என்ன சார் செய்ய முடியும்? எங்க வீட்டுக்காரவுக பன்னெண்டு வருசமா சவுதியில இருக்காவ. நடுவுல ஒருவாட்டி லீவுல வந்துட்டுப் போன பொறவு பொறந்தவன் எம்மவன், அவுகள மொபைல்லதான் பாத்திருக்கான். எனக்கு இந்த வேலை நிலைச்சதும், இந்த வருசம் முடிச்சிட்டு வந்திருங்கன்னு சொல்லிருந்தேன். அவுகளும் சரின்னுட்டாவ. நேத்து போன்ல அதப் பத்திப் பேசுதாவ, என்னால ஒண்ணும் சொல்ல முடியல." அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைக்கு நேரமாகிவிட்டது என்று எங்கள் வாசலுக்கு நடந்து, வண்டியைக் கிளப்பிப் போய்விட்டார்.

நான் வீட்டுக்கு வந்தேன். உடனே மெயிலை அனுப்பிவிட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். அனுப்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த அழைப்பில் என் மேலாளர் இருந்தார், அவருக்கு மேலே இருப்பவரும் இருந்தார். அவர்கள் முன்னால் 'கண்ண மூடிக்கிட்டா வேலை பார்க்கிறீங்க' என்று கேட்டவன் நான். அந்தப் பெண்ணிடம் ஆதாரம் இல்லை. எனக்கு நாற்பத்து நாலு வயது. இந்த வயதில் ஒரு போர்டைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கினால் அதை எப்படித் துடைப்பது? அவர் கெட்டிக்காரி, வேறு இடத்தில் வேலை கிடைத்துவிடும் என்றுகூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு சுலபமாக மனசு இதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிறது, தெரியுமா?

மத்தியானம் ஒருவழியாக எழுத உட்கார்ந்தேன். 'அடுக்கு விவரங்கள் குறித்து இரு தரப்புக்கும் இடையே சிறு தகவல் இடைவெளி ஏற்பட்டிருப்பதாகத் தெரிய வருகிறது' என்று ஆபீஸ் இங்கிலீஷில் நயமாக ஆரம்பித்து அரைப்பக்கம் எழுதினேன். மனைவி பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை. காலையில் அந்தப் பெண் வந்ததிலிருந்து அவளிடம் நான் சரியாகப் பேசவும் இல்லை, பட்டறையில் கண்டதை மட்டும் ரெண்டு வார்த்தையில் சொல்லியிருந்தேன்.

"இதுல தப்பு யாரு செஞ்சான்னே காணலியே" என்றாள். "தப்பு தன்னால நடந்துபோச்சாக்கும்?"

"ஆபீஸ்ல இப்பிடித்தாம் எழுதுவாவ. ஒனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியாதுதான். அருவிக்கரையில எண்ணெய்க் கையோட நின்னு நீங்க தட்டுனது மட்டும் தெரியும். வீட்டுல போயி பாருங்கன்னு சொன்னவ நாந்தானல்லா? அந்தப் பிள்ள வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டு நாம இங்கன சோறு திங்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனாள். சத்தம்கூடப் போடவில்லை. போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி அந்தப் பேச்சிலேயே பொழுதை ஓட்டியிருப்பேன்.

அரைப்பக்கத்தையும் அழித்தேன். நாலு வரி எழுதினேன். படத்தைத் தவறாக அனுப்பியது நான். அதை அவர் கண்டுபிடித்துக் கேட்டார். பார்க்காமல் பதில் சொன்னது நான். அவர் மீது எந்தத் தவறும் இல்லை, நிறுத்தியதை ரத்து செய்ய வேண்டும். அவருடைய கேள்வியையும் என் பதிலையும் இணைத்து, அந்த அழைப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

என் மேலாளர் போன் செய்தார். திட்டவில்லை. "இதை அன்றைக்கே பார்த்திருக்கலாமே" என்று மட்டும் கேட்டார். நான் பார்க்கவில்லை என்றேன். சரி என்று வைத்துவிட்டார். திருத்திய போர்டை வரைகிற வேலை வேறொருவருக்குப் போனது. அதன்பின் ஒரு வருடம், என் படங்களை என்னைவிடப் பத்து வயது சின்னவர் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியே அனுப்பினார்கள். கசப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, திறக்க எனக்கு யோக்கியதை இல்லை.

நாலாவது நாள் அவருடைய லாகின் திரும்ப வந்துவிட்டதாக எனக்குச் செய்தி அனுப்பினார். அந்த மேனேஜர் அவரிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் போன் செய்து கேட்டேன். "மன்னிச்சிருங்கம்மா" என்றேன்.

"அத விடுங்க சார்" என்றார். "புது ஃபைலு வந்திருக்கு, பாத்தேன். ஆறாவது லேயர்ல ஒரு பக்கம் செம்பே இல்லாம மொட்டையா கெடக்கு. சூடு பட்டா போர்டு வளைஞ்சிரும். அந்த வரையிற ஆள்கிட்ட சொல்லிருங்க. குவெரியும் போட்டிருக்கேன், இந்தவாட்டி எல்லாருக்கும் காப்பி."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அதோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் தென்காசி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். "சார்" என்று குரல் கேட்டுத் திரும்பினால் அவர் நிற்கிறார். பக்கத்தில் நல்ல உயரமாக ஒருவர், கையில் பை, அவர் விரலைப் பிடித்தபடி ஒரு பையன். சவுதியிலிருந்து கணவர் வந்து எட்டு மாதம் ஆகிறதாம், இனிமேல் போகப்போவதில்லையாம். செங்கோட்டையில் ஒரு கடையில் பங்கு சேர்ந்திருக்கிறாராம். அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீங்கதானா சார் அது? இவ எப்பவும் சொல்லுவா. தென்காசி சார் ஒருத்தர் தன் பேரு கெட்டாலும் பரவால்லன்னு மெயில் போட்டாவ, இல்லன்னா என் வேலை போயிருக்கும்னு. உங்களாலதான் சார் நான் எம்பிள்ளகூட இருக்கேன்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவர் குனிந்து பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார். கதையின் பின்பாதியை மட்டும் வீட்டில் சொல்லியிருக்கிறார். அந்த வேலையைப் போக்கியவனும் நான்தான் என்பதைத் தன் கணவரிடம்கூடச் சொல்லவில்லை. 'அப்படி இல்லைங்க, நடந்தது வேற' என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்லவில்லை. அந்தக் கணவர் என் கையை விடவும் இல்லை.

அன்றைய அழைப்பில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. 'என் ஃபைலில் மூன்றாவது சிக்னல்' என்றேன், அது சத்தியமான உண்மை. அந்த உண்மையைச் சொல்லியே ஒரு குடும்பத்தின் சோற்றில் மண் அள்ளிப் போட்டேன். இப்போதெல்லாம் வீட்டிலோ வேலையிலோ 'என் பக்கம் சரியாத்தான் இருக்கு' என்று வாய் வரை வரும்போது, என் இரண்டு கையையும் பிடித்தபடி நின்ற அந்த மனிதரின் முகம் கண்முன்னால் வருகிறது, நான் பார்க்காமல் விட்ட இன்னொரு தாள் எங்காவது இருக்கிறதா என்று முதலில் தேடுகிறேன்.